எங்கள் பங்குக் கோயிலின் சுவர்கள் ஏன் இவ்வளவு தடிமன்?

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா என்ற பேச்சு, பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவான பங்குப்பேரவையில் சில காலமாக நடந்து வருகிறது. முடிவு எட்டாத நிலையில் ஊர்ப் பெயரையும் கோயிலின் பாதுகாவலர் பெயரையும் இங்கே எழுதுவது முறையாகாது. ஏற்காட்டுப் பக்கத்தவர்கள் தாமே ஊகித்துக்கொண்டால் அதைத் தடுக்கவும் முடியாது. உள்ளே இருட்டாக இருக்கிறது, ஒலிபெருக்கியில் பேசுவது விளங்கவில்லை, சுவர்களில் ஓதம் ஏறுகிறது, தூண்கள் பீடத்தை மறைக்கின்றன, திருவிழா நாளில் இடம் போதவில்லை என்பவை இடிக்கச் சொல்பவர்கள் முன்வைக்கும் குறைகள். இவற்றுள் கடைசிக் குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். மற்றவை பெரும்பாலும் கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் நாமே இந்தக் கட்டடத்தின் மேல் சேர்த்தவற்றின் விளைவு என்பதும், எந்த வகைப் பூசைக்காக இது கட்டப்பட்டதோ அந்தப் பூசையை அறியாமல் இதன் அமைப்பைக் குறை சொல்ல இயலாது என்பதும் என் கருத்து. அதைப் பேரவையில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியவில்லை; ஆகவே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வரலாறு. சேலம் வட்டாரத்தில் கத்தோலிக்க மறை மலையில் தொடங்கவில்லை. தத்துவ போதகர் என்று அறியப்பட்ட இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, 1623இல் மதுரையிலிருந்து சந்நியாசிக் கோலத்தில் வடக்கே புறப்பட்டு, திருச்சி வழியாகச் சேந்தமங்கலத்தை அடைந்து, மதுரை நாயக்கருக்கு உட்பட்டு அங்கே ஆண்டுகொண்டிருந்த இராமச்சந்திர நாயக்கரின் ஆதரவைப் பெற்றார். பிறகு சேலத்துக்கு வந்தபோது தொடக்கத்தில் அவருக்குத் தங்க இடம் கிடைப்பதே அரிதாக இருந்தது. மோரமங்கலத்தில் திருமங்கல நாயக்கர் 1625இல் ஞானஸ்நானம் பெற்றது இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவத்தின் முதல் பெரிய நிகழ்வு. அந்தக் காலத்துக் கோயில்கள் மண்சுவரும் கூரையும் கொண்டவை; ஒரு போரோ ஒரு பஞ்சமோ வந்தால் மக்கள் இடம்பெயர்வார்கள், கோயில் கரைந்துவிடும். இராசிபுரத்துக்கு அருகே காக்காவேரி, தருமபுரிப் பக்கம் கோவிலூர் போன்ற பழைய மறைத்தளங்களில் சபை தொடர்ந்ததே தவிர, முதல் கட்டடங்கள் தொடரவில்லை.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பின், பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தப் பகுதியையும் ஏற்றார்கள். நிர்வாகக் கோடுகள் அதன் பிறகு பலமுறை மாறின. புதுச்சேரி 1886இல் உயர்மறைமாவட்டமானது; 1899இல் கும்பகோணம் மறைமாவட்டம் பிரிந்தபோது சேலம் அதனுடன் சென்றது; 1930 மே 26 அன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் சேலம் மறைமாவட்டத்தை ஏற்படுத்த, பிரெஞ்சுக் குருவான ஹென்றி பிரூனியே முதல் ஆயரானார். ஒரே ஊரில் ஒரே வீட்டில் பிறந்த தாத்தாவும் தந்தையும் மகனும் மூன்று வெவ்வேறு ஆயர்களின் அதிகாரத்தின் கீழ் ஞானஸ்நானம் பெற்றிருப்பது எங்கள் பங்கில் அரிதன்று.

மலைக்குச் சபை வந்தது காப்பியோடுதான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காப்பியை அறிமுகப்படுத்திய பின், தோட்டங்கள் பெருகப் பெருக, சமவெளியிலிருந்து கங்காணிகள் வழியாக வேலையாட்கள் ஏறி வந்தார்கள். மலையின் பழங்குடியினரான மலையாளிகள் (கேரளத்தவர் அல்லர்) சேர்வராயன் என்னும் மலைத்தெய்வத்தைக் கும்பிடுபவர்கள். எங்கள் பங்கின் மக்களோ பெரும்பாலும் தோட்டக் குடும்பங்கள். 1861இல் சென்னையிலிருந்து வந்த இரயில் பாதை சூரமங்கலத்தைத் தொட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. பிழைப்புத் தேடி மலையேறிய குடும்பங்களின் நினைவுகளில் அந்தப் பஞ்சம் இன்றும் ஓர் எல்லைக்கல்லாக இருக்கிறது. அதற்குப் பின்வந்த பத்தாண்டுகளில், உபதேசியார் (குருவுக்கு உதவியாக மறைக்கல்வி கற்பிப்பவர்) ஒருவர் ஞாயிறுதோறும் செபம் சொல்லிக்கொடுத்துவந்த கூரைக் கோயிலின் இடத்தில், குரு தங்கிப் பூசை வைக்கத்தக்க கற்கோயில் எழுந்தது.

கட்டியவர் யார் என்று கேட்டால், பிரெஞ்சுச் சாமியார் என்பதே ஊரின் பதில். இது பாதி உண்மை. பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்களில் பலர் தாமே வரைபடம் போட்டு, தாமே கணக்கெழுதி, தாமே மேற்பார்வையிட்டவர்கள். தங்கள் நாட்டில் அப்போது மீண்டும் செல்வாக்குப் பெற்றிருந்த கோதிக் பாணி அவர்கள் கண்ணில் பதிந்திருந்தது. புதுச்சேரியில் 1902 முதல் 1907 வரை கட்டப்பட்ட திருஇருதய ஆலயத்தில் அந்தப் பாணியின் பெரிய வடிவத்தைக் காணலாம். எங்கள் கோயிலில் அதன் எளிய வடிவம் இருக்கிறது: கூர்வளைவுச் சாளரங்கள், முகப்பின் நடுவில் ஒரு மணிக்கூண்டு, பக்கச் சுவர்களில் முட்டுச்சுவர்கள். ஆனால் சுவரை எழுப்பிய கொத்தனார்கள் நம்மவர்கள். தூண் தலையில் அவர்கள் சுதையால் செய்திருக்கும் இதழ்களை ஐரோப்பியக் கோயில்களில் தேட வேண்டியதில்லை. சேலத்துப் பழைய வீடுகளின் திண்ணைத் தூண்களில் தேடினால் போதும்.

இனி, தலைப்பில் உள்ள கேள்வி. சுவர் இரண்டரை அடிக் கனம். உள்முகத்திலும் வெளிமுகத்திலும் கருங்கல்லை அடுக்கி, நடுவில் கல்சில்லும் காரையும் நிரப்பி எழுப்பிய சுவர் அது. உள்ளே இரும்புக் கம்பி கிடையாது. கூரையின் எடை முழுவதையும் சுவரே தாங்குகிறது. வளைவுகள் எடையைக் கீழே மட்டும் இறக்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகின்றன. அரைவட்ட வளைவைவிடக் கூர்வளைவு பக்கவாட்டில் குறைவாகத் தள்ளும் என்பதால்தான் அந்த வடிவம் உயரமான கோயில்களுக்கு ஏற்றதாயிற்று. எஞ்சிய தள்ளுவிசையை வாங்கவே வெளியே முட்டுச்சுவர்கள். எனவே, வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று முட்டுச்சுவர்களை மட்டும் எடுத்துவிடலாம் என ஒருவர் சொன்னபோது எனக்குச் சற்றுத் திடுக்கிட்டது.

கல்லைப் பிணைத்திருப்பது சுண்ணாம்புக் காரை. மாமாங்கம் பக்கத்தில் இரயிலிலிருந்து தெரியும் வெள்ளைக்கல் மாக்னசைட். அதைச் சுட்டால் கட்டடச் சுண்ணாம்பு கிடைக்காது. சமவெளி நிலங்களில் தோண்டி எடுக்கும் சுக்கான்கல்லைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்து மாடு கட்டிய கல் உருளையால் வட்டப் பள்ளத்தில் அரைத்துக் காரை செய்தார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது தமிழ்நாடெங்கும் இருந்த வழக்கம். கடுக்காய்க்கு இந்த மலைகளில் பஞ்சமில்லை. சுண்ணாம்பைத்தான் கீழிருந்து ஏற்றிவர வேண்டியிருந்தது. இன்றைய சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து லாரி ஏறுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, பொதிமாட்டிலும் தலைச்சுமையிலும் அவ்வளவு சுண்ணாம்பு ஏறியதை எண்ணிப் பார்ப்பது கடினம். கல்லை மலையிலேயே உடைத்துக்கொண்டு, சுண்ணாம்பைச் சிக்கனமாகச் செலவிட்டிருப்பது சுவரைத் திறந்து பார்த்தால் தெரிகிறது.

கூரையில் மலையின் தேவை இன்னும் தெளிவாக வெளிப்படுகிறது. சமவெளியில் அந்தக் காலத்துச் சிறந்த கட்டடங்களுக்குத் தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாகச் சாய்த்து அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டி எடுக்கும் மெட்ராஸ் மட்டப்பாதான் போடுவார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், சேலத்தைவிட மிகுதியாக மழை பெய்யும் இடத்தில், மாதக்கணக்கில் மூடுபனி தங்கும் இடத்தில், மட்டமான தளம் தாங்காது. ஆகவே செங்குத்தான சரிவில் மரச் சட்டங்களின் மேல் மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற புராட்டஸ்டண்டு மறைப்பணி அமைப்பு மங்களூரில் 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையும், இரயில் பாதையும் இல்லாமல் இந்தக் கூரை இந்த மலைக்கு வந்திருக்க முடியாது.

இப்போது உள்ளே போவோம். இந்தக் கோயில் கட்டப்பட்ட காலத்துப் பூசை இலத்தீனில் நடந்தது. குரு மக்களுக்கு முதுகைக் காட்டி, மக்கள் நோக்கும் திசையையே தாமும் நோக்கிப் பீடத்தின் முன் நிற்பார். நற்கருணை மன்றாட்டின் பெரும்பகுதியை மெல்லிய குரலில் சொல்வார். எழுந்தேற்றத்தின்போது, அதாவது குரு நற்கருணையை உயர்த்திக் காட்டும்போது, பீடச் சிறுவன் மணியடிப்பான். மக்கள் தலைதூக்கிப் பார்த்து வணங்குவார்கள். மற்ற நேரமெல்லாம் அவர்கள் கீழே தரையில் அமர்ந்து, ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமுமாக, தமிழில் செபமாலையோ பூசைச் செபங்களோ உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உபதேசியார் முன்மொழிய, மற்றவர் தொடர்வார்கள். எல்லாரும் எல்லா நேரமும் பீடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அந்தப் பூசையில் இல்லை. தூண் மறைக்கிறது என்ற குறை அக்காலத்தில் எழாததற்கு இதுவே காரணம். கூடத்தின் நீளத்துக்கு நடுவில் அகன்ற நடைவெளி, இரு புறமும் தூண் வரிசை, தூணுக்கு அப்பால் தாழ்ந்த பக்கக் கூடங்கள் என்ற அமைப்பு, சுற்றுப்பிரகாரம் வருவதற்கும் சிலுவைப்பாதை செய்வதற்கும் உகந்தது. பக்கச் சுவரில் மாட்டிய, இயேசுவின் பாடுகளைக் காட்டும் பதினான்கு நிலைகளையும் தவக்காலத்தில் மக்கள் நடந்து நடந்து வணங்கும்போது அந்தத் தூண் வரிசையின் பயன் புரியும்.

பீடத்தின் அமைப்பும் அப்படியே. தரையிலிருந்து மூன்று படி ஏறி, சுவரோடு ஒட்டிக் கட்டிய பழைய பீடம். அதன் மேல் நற்கருணைப் பேழை. அதற்கு மேல் மாடங்களில் சுரூபங்கள். பூசைமேசையும் பேழையும் சுரூப மாடங்களும் ஒரே கட்டாக மேலே எழுவதால், கதவருகே உட்கார்ந்திருக்கும் கடைசி ஆளுக்கும் தெரியும்படி கோயிலின் கண் அங்கே போய் நிற்கிறது. படிக்கு முன்னால் மரக் கிராதி இருந்தது. மக்கள் வரிசையாக அதன் முன் முழந்தாளிட்டு நாவில் நற்கருணை வாங்குவார்கள். பக்கத் தூண் ஒன்றின்மேல் உயரத்தில் பிரசங்க மேடை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் மறையுரை எல்லாருக்கும் கேட்கவேண்டுமானால், பேசுபவர் முன்சுவரிலிருந்து விலகி மக்களுக்கு நடுவே, அவர்கள் தலைக்கு மேலே நிற்கவேண்டும். வாசலுக்கு மேல் பாடகர் மாடி. குரல் பின்னாலிருந்து வந்து உயரமான கூரையில் மோதிப் பரவும். வாசலுக்கு உடனே உள்ளே இடப்புறம் ஞானஸ்நானத் தொட்டி இருப்பதும் காரணத்தோடுதான்: ஞானஸ்நானம் பெறாதவர் கோயிலுக்குள் நுழைவது அந்தத் தொட்டியைக் கடந்துதான் என்பதைக் கட்டடமே சொல்லவேண்டும் என்று எண்ணினார்கள்.

உலகக் கத்தோலிக்க ஆயர்கள் உரோமையில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதையெல்லாம் தலைகீழாகத் திருப்பியது. 1963 டிசம்பர் 4 அன்று வெளிவந்த திருவழிபாட்டுச் சாசனம் மக்களின் முழுமையான பங்கேற்பைக் கேட்டது. 1965 மார்ச் 7 முதல் நடைமுறைக்கு வந்த உரோமை வழிகாட்டுதல், குரு சுற்றிவரவும் மக்களை நோக்கிப் பூசை வைக்கவும் இயலும்படி பீடம் சுவரிலிருந்து விலகி நிற்பது நல்லது என்றது. சில ஆண்டுகளில் தமிழ்ப் பூசை வந்தது. 1969 ஏப்ரல் 25 அன்று இந்திய வழிபாட்டுக்கு உரோமை ஒப்புதல் அளித்த பன்னிரண்டு அம்சங்களின் வழியே குத்துவிளக்கும் ஆரத்தியும் பீடத்தருகே இடம்பெற்றன. இந்த மாற்றங்களை நான் மனமார வரவேற்கிறேன். இலத்தீனில் முணுமுணுக்கப்பட்ட பூசைக்குத் திரும்ப வேண்டும் என்று ஏங்கும் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் மலைப்பங்குகளில் அந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். பழைய பீடத்தின் முன் ஒரு சிமெண்டு மேசை கட்டினார்கள். கிராதியைப் பெயர்த்தார்கள், எங்கள் கிராதியின் ஒரு பாதி கல்லறைத் தோட்டத்து வாயிற்கதவாக இருக்கிறது. பிரசங்க மேடையின் படிகளை அகற்றிவிட்டதால் அது இன்று தூணில் தொங்கும் ஒரு பெட்டி. கட்டடத்தின் உறுப்புகள் ஒவ்வொன்றும் தொழிலை இழந்தன. புதிய தொழிலுக்கு ஏற்ப யாரும் முழுக் கூடத்தையும் மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை. தூண் மறைக்கும் குறை பிறந்தது அன்றுதான். பூசைமேசையைக் கூடத்துக்குள் இன்னும் சில அடி முன்னால் நகர்த்தி, பெஞ்சுகளைப் பக்கக் கூடங்களிலிருந்து மேசையை நோக்கித் திருப்பிப் போட்டாலே அது பெருமளவு தீரும்.

பழைய கோயிலைப் புகழும்போது விட்டுவிடக் கூடாத ஒன்று, சாதி. சிலுவை வடிவக் கோயில்களின் இரு கைகளும் சமவெளியில் பல ஊர்களில் சாதிக்கொரு பகுதியாக ஒதுக்கப்பட்டிருந்தன. புதுச்சேரிக் கோயிலில் சாதிகளைப் பிரித்திருந்த சுவரை 1745இல் இடித்தபோது எழுந்த கலவரத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தெற்கே வடக்கன்குளத்தில் இரு சாதியார் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி, இரு கால்களாகப் பிரியும் கோயிலையே கட்டினார்கள். எங்கள் கோயிலில் சுவர் இல்லை. ஆனால் வடக்குக் கையில் தனியாக ஒரு சிறு கதவு உண்டு. அது யாருக்கான கதவு என்பதை முதியவர்கள் இப்போதும் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறார்கள். கட்டடத்தைக் காக்கும்போது அந்தக் கதவையும் அடைக்காமல் காக்கவேண்டும், அது எதற்காக இருந்தது என்பதைப் பங்கு வரலாற்றில் எழுதவும் வேண்டும் என்று நான் பேரவையில் சொன்னபோது கைதட்டல் எழவில்லை.

ஓதம் ஏறும் குறைக்கு வருகிறேன்; இடிக்கும் பேச்சை உண்மையில் தொடங்கிவைத்தது இதுதான். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கும், வாங்கியதை வெயிலில் வெளியே விடும். கனமான கற்சுவர் மழைக்காலத்தில் நனைந்து கோடையில் உலர்வது இந்தப் பூச்சினால்தான். வெளிப்புறம் முழுவதையும் சிமெண்டுப் பூச்சாக மாற்றி, அதன்மேல் ஈரம் புகாத பெயின்டும் அடித்தபோது, வெடிப்புகள் வழியாக உள்ளே போன நீருக்கு வெளியேறும் வழி அடைபட்டது. பிறகு, கருங்கல் பாவிய தரையின்மேல் பளபளக்கும் ஓடு பதித்தார்கள். தரை வழியாக மேலே வந்து உலர்ந்துகொண்டிருந்த மண்ணின் ஈரமும் சுவரை நோக்கித் திரும்பியது. உட்பூச்சு மார்பளவு உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்வதைப் பார்த்து, சுவர் பலவீனமாகிவிட்டது என்று முடிவுகட்டினார்கள். உதிர்வது பூச்சு மட்டுமே. பின்னால் கல் உறுதியாக இருக்கிறது. கூரைச் சரிவின் நீரைச் சுவரடியிலிருந்து விலக்கிவந்த கல் ஓடையும் தூர்ந்துபோயிருக்கிறது என்பதைச் சொல்லாமல் ஓதத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

இருட்டுக்குக் காரணம் இன்னும் எளியது. நடுக்கூடத்தின் மேற்சுவரில், பக்கக் கூடங்களின் கூரைக்கு மேலே, வரிசையாகச் சிறு சாளரங்கள் உண்டு. காலை வெளிச்சமும் வெப்பக் காற்றின் போக்குவரத்தும் அவற்றின் வழியேதான். பிற்காலத்தில் அவற்றுக்குக் கீழே பொய்க்கூரை அடித்து மறைத்துவிட்டு, பகலில் டியூப்லைட் போடுகிறோம். ஒலிக் குறையோ முழுவதும் கட்டடத்தின் மேல் சுமத்தக்கதன்று: நீண்ட எதிரொலி பாட்டுக்கு அழகு சேர்க்கும், வேகமான பேச்சைக் குழப்பும். முன்சுவரில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்து உரக்க முழங்கவிடுவதை விட்டு, தூணுக்குத் தூண் சிறிய ஸ்பீக்கர்களைக் காதளவு உயரத்துக்குச் சற்று மேலே குறைந்த ஒலியில் வைத்தால் பேச்சு விளங்கும்.

திருவிழா நாளின் இட நெருக்கடி உண்மையானது. ஆனால் கொடியேற்றமும் சப்பரமும் பெரும்பூசையும் கொடிமரத்தைச் சுற்றிய வெளியில்தான் நடக்கின்றன. கெபிக்கு (மாதா சுரூபம் வைத்த குகை வடிவ மாடத்துக்கு) எதிரே ஒரு நிரந்தரக் கொட்டகை போட்டால் அந்த இரண்டு மூன்று நாளுக்குப் போதும். மற்ற ஞாயிறுகளில் கூடம் நிறைவதே இல்லை, ஏனெனில் தோட்டங்களில் வேலை சுருங்கி, இளைஞர்கள் சேலத்துக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள்.

முறையையும் ஒருமுறை நினைவூட்டலாம். திருச்சபைச் சட்டத்தில் மேய்ப்புப்பணிப் பேரவைக்கு, அதாவது பங்குப்பேரவைக்கு, இருப்பது ஆலோசனை வாக்கு மட்டுமே. ஆயரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் புதிய கோயில் எதையும் கட்ட இயலாது. பழைய கோயில் வழிபாட்டுக்கு எவ்வகையிலும் பயன்படாது, பழுதுபார்க்கவும் இயலாது என்ற நிலையில்கூட அதை வேறு பயனுக்கு மாற்றும் முடிவு ஆயருடையது. எனவே எங்கள் பங்கு ஆயரிடம் எதைக் கேட்கப்போகிறது என்பதே இப்போதுள்ள கேள்வி. சென்ற கூட்டத்தில், வடக்குச் சுவரின் சிமெண்டுப் பூச்சை மட்டும் உரித்து, அடியிலுள்ள கல் ஓடையைத் தூர்வாரி, சுண்ணாம்புப் பூச்சு இட்டு ஒரு மழைக்காலம் விட்டுப் பார்ப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் ஆத்தூர்ப் பக்கம் இருக்கிறார். சுண்ணாம்பை ஊறவைக்கவே பல வாரங்கள் வேண்டும் என்று அவர் சொல்லியிருப்பதால், கோயிலின் பின்புறத்தில் தொட்டி கட்டும் வேலையை இந்த மாதமே தொடங்கியாக வேண்டும்.